நிலுவை

கோட்டையில் ஒரு மணிப் பீரங்கி வெடித்ததும்
ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக்
கால்ட்டன் குன்றேறி வந்துவிடுவேன்.
டப்பாவில் நேற்றைய பாஸ்தா.
எதிரே பன்னிரண்டு தூண்கள்.
சுவர் இல்லை, கூரை இல்லை.
எழுதத் தொடங்கிய மனுவை
'மாண்புமிகு' என்பதோடு விட்டுவிட்டு
யாரோ எழுந்துபோனதைப் போல.

என் வேலை பாக்கி வசூல்.
எரிவாயு, கைபேசி, தவணையில் வாங்கிய சோபா.
காலையிலிருந்து நாற்பத்தொரு அழைப்பு.
'வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன்.'
எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க
எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

அதனால் இந்தத் தூண்கள்
எனக்குத் தூண்களாகத் தெரிவதில்லை,
பேரேடாகத் தெரிகின்றன.

நெப்போலியன் போர்களில் மாண்ட
ஸ்காட்லாந்து வீரர்களுக்கு ஊர் கூடி நினைத்த ஆலயம்.
தேவை நாற்பத்திரண்டாயிரம் பவுண்டு.
சேர்ந்தது பாதிகூட இல்லை.

அந்தப் பேரேட்டைச் சுமந்தலைய
ஒரு குமாஸ்தாவை நானே உண்டாக்கிக்கொண்டேன்.
பெயர் லாக்லன் பிட்கேர்ன்.
காதோரம் மைக்கறை,
குளிரில் வெடித்த விரல்கள்,
வழுக்காதிருக்கப் பூட்ஸைச் சுற்றிச் சாக்குத்துணி.
எடின்பரோவின் புதுநகர வாசல்களில்
மணியடித்துவிட்டு நிற்கிறான்.

பிரபு வேட்டைக்குப் போயிருக்கிறார்.
பிரபு உறங்குகிறார்.
விருந்தில் எழுந்து கோப்பையை உயர்த்தி
பிரபு இருநூறு பவுண்டு என்றது
நாட்டின் மேல் வைத்த அன்பினால்.
அன்பு வேறு, தம்பி,
பணம் வேறு.
வெள்ளிக்கிழமை வா.

க்ரெய்க்லீத் குவாரியிலிருந்து கற்கள் வந்துகொண்டிருந்தன.
பெரிய கல்லுக்குப் பன்னிரண்டு குதிரை,
எழுபது ஆள்.
சரிவில் குதிரை முழந்தாளிட,
ஆட்கள் கயிற்றைத் தோளில் மாற்றிக்கொள்ள,
சனிக்கிழமை மாலை எழுபது உள்ளங்கைகள் நீளும்.
அன்பு என்று அவர்களிடம் சொல்ல முடியாது.
கல்லும் கடன் கேட்காது.
இறக்கிய இடத்தில் கிடக்கும்.

லீத் துறைமுகத்தில் ஒருத்திதான்
கதவை முழுக்கத் திறந்தாள்.
ஐசபெல் மௌவாட், மீன் உப்பிடுகிறவள்.
கணவன் போர்க்கப்பலில் பீரங்கி ஆள்,
போனவன்.
'அவனுடைய கடைசிப் பதினொரு மாதச் சம்பளம்
இன்னும் வரவில்லை.
வந்ததும் பாதி உன் தூணுக்கு.'
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.
கேலி செய்கிறாளா என்று பிட்கேர்னுக்குப் புரியவில்லை.
வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா?
ஓரத்தில், சிறிய எழுத்தில்,
ஒரே சொல் எழுதினான்.
என் மொழியில் அது நிலுவை.

நில் என்பதுதான் அதன் வேர்.
தராத பணம் நிற்கும்.
பிரபுக்களின் சொல் நின்றுபோனது,
வேலை நின்றுபோனது,
தூண்கள் நிற்கின்றன.
மூன்றுக்கும் ஒரே வினை.

எங்கள் பழம்பாட்டுகளில்
நடுகல்லுக்குச் சந்தா கிடையாது.
ஒரே கல்.
பெயரை வெட்டி, மயிலிறகு செருகி,
கொஞ்சம் கள்ளை ஊற்றினால் முடிந்தது.
இங்கே இத்தனை கல்லில்
நான் தேடியவரை ஒரு பெயரும் இல்லை.
குளிர்பானப் புட்டி ஒன்று இருக்கிறது.
அதில் பாதி மழைநீர்.

அடிமேடை என் மார்புயரம்.
படி இல்லை;
படிக்கு வருமுன் பணம் தீர்ந்திருக்கும்.
யாராவது கைகொடுத்தால்தான் ஏறலாம்.
இன்று மேலே நின்ற ஒருவன்,
சைக்கிள் தலைக்கவசத்தோடு,
கேட்காமலே குனிந்தான்.
முதலில் டப்பாவைக் கொடுத்தேன்,
பிறகு கையை.

தூணுக்குப் பின்னால் காற்று இல்லை.
கல் முதுகில் சில்லென்றது.
அவன் கடலைப் பார்த்தான், நான் சாப்பிட்டேன்.

ஒன்று ஐம்பது.
இறங்கவேண்டும்.
ஃபைஃபில் ஒருவருக்கு
சோபாவில் இன்னும் நான்கு தவணை பாக்கி.
போன வெள்ளிக்கிழமை என்றுதான்
சொல்லியிருந்தார்.